பதினேழு பைலான பூண்டு நோட்டீஸ்

என்னங்க,

அக்கா வீட்டுக்குப் பண்ணைக்காடு போறேன், பொழுது சாய வந்துருவேன். சோறும் மொச்சைக் குழம்பும் அடுப்படியில மூடி வச்சிருக்கேன்.

பத்து மணிக்குக் கம்ப்யூட்டர்காரர் வருவாரு. லினக்ஸ் வந்ததுல இருந்து பிரிண்டர் அடிக்கலைன்னு, அதை எடுத்துட்டுப் பழைய விண்டோஸையே போடணும்னு வரச் சொன்னது நாந்தான். காப்பி குடுத்து அனுப்பிருங்க. லினக்ஸே இருக்கட்டும்.

பிரிண்டரும் நல்லாத்தான் இருக்கு. நீங்க அடிக்கக் குடுத்த விதைப்பூண்டு விக்கிற நோட்டீஸ் காகிதத்துக்கு வராம, பதினேழு பைலா உள்ளயே கெடக்கு. பிரிண்டர் பேரை அமுக்காம, பைலாச் சேமிக்கிறதையே அமுக்கியிருக்கீங்க. இந்தச் சீட்டே அந்தப் பிரிண்டர்ல அடிச்சதுதான்.

என்னைய ஒரு வார்த்தை கேக்காம லினக்ஸைப் போட்டீங்கள்ல, அந்தக் கோவம் மட்டும் இன்னும் ஆறல.

முருகேஸ்வரி

பி.கு.: நோட்டீஸ் அம்பது அடிச்சு மேசையில வச்சிருக்கேன். அதுல உங்க போன் நம்பருக்குப் பதிலா என்னோடதைப் போட்டிருக்கேன். நானும் உங்களைக் கேக்கல.