பிள்ளை இல்லாதவளுக்கான பங்கு

எருசலேம்
முதல் மாதம், 22ஆம் நாள்

என் அருமைத் தங்கை எருசாளுக்கு, அண்ணன் மல்கியா எழுதுவது. நலமாயிரு.

நீ வாழ்க்கைப்பட்ட லாகீசு நகரம் வீழ்ந்த பிறகும் நீ உயிரோடு ஆனதோத்தில் நம் அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தாயே, அதுவே எனக்குப் போதும். ஆனால் அப்பத்தைத் தொடுவதில்லையாமே? உன் அண்ணி கழுதைக்காரனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள்: "மலையில கீரை பறிச்சுத் தின்னுக்கிட்டுக் கிடக்கா. ஏன்னு கேட்டா முறைக்கிறா."

நாம் ஆசாரியர் குடும்பம்; நம் வீட்டில் வேகிறதெல்லாம் ஆலயத்துக் காணிக்கைதான். முறை உனக்குத் தெரியும். ஆசாரியர் அல்லாத வெளியாருக்குக் கட்டிக்கொடுத்த ஆசாரியன் மகள் அதை உண்ணக் கூடாது. விதவையாகி, பிள்ளையும் இல்லாமல் திரும்பினால் உண்ணலாம். ஊர் மூப்பர்கள் முன்னால் "எனக்குப் பிள்ளை இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. பங்கு வைப்பவன் நான்தானே, உன் பங்கை நானே அளந்து அனுப்புகிறேன்.

உன் அண்ணன்,
மல்கியா

ஆனதோத்து
முதல் மாதம், 25ஆம் நாள்

அன்புள்ள அண்ணாவுக்கு, எருசாள் எழுதுவது.

என் கணவரைக் கொன்றார்கள்; பார்த்தேன். அழுது முடித்தேன். என் மகன் ஏனானைக் கொல்லவில்லை. அசீரியர்கள் அவனை மாட்டுவண்டியில் மூட்டைகளுக்கு மேலே உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். வண்டி மறையும்வரை என்னையே பார்த்துக்கொண்டு போனான். ஐந்து வயது. அவனை இல்லை என்று எந்த வாயால் சொல்வேன்?

இன்னொன்று, சிரிக்காதே. விடியலில் நான் தண்ணீருக்குப் போகும்போது பின்னாலேயே வருகிறான். "அம்மா, மெதுவா போம்மா, காலு வலிக்குது" என்கிறான். நான் திரும்புவதில்லை. திரும்பினால் இருக்கமாட்டான் என்று தெரியும். அவனுக்காக மெதுவாக நடக்கிறேன். அண்ணி கேட்கிறாள்: "தண்ணி எடுக்கப் போனியா, கிணறு வெட்டப் போனியா?"

அறுத்த வயலில் கதிர் பொறுக்குகிறேன். படை மிதித்த நிலத்தில் என்ன சிந்திக் கிடக்கும்? எதுவும் கேட்காமல் ஒரு படி கொடுக்க உனக்கு மனம் வராதா? பசிக்கிறது அண்ணா.

எருசாள்

எருசலேம்
இரண்டாம் மாதம், 3ஆம் நாள்

தங்கைக்கு,

நீ எழுதி அனுப்பிய பானையோட்டுத் துண்டை மூன்று நாள் இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தேன். முன்பு கேபா ஊரிலிருந்து ஒருத்தி பங்கு கேட்டு வந்தாள். உன்னைப் போலவே ஆசாரியன் மகள், விதவை, இடுப்பில் குழந்தை. பெரியவருக்கும் சின்னவருக்கும் ஒரே முறை என்று பேர் வாங்கியவன் நான். வெறுங்கையோடு அனுப்பினேன். "உன் வீட்டுல ஒருத்தி இப்படி வந்து நிப்பா. அப்பப் பார்க்கிறேன் உன் நியாயத்தை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதனால் உனக்கு மட்டும் கேட்காமல் கொடுக்க முடியாது. நீ பட்டினி கிடப்பதையும் தாங்க முடியவில்லை. ஏனான் வழியிலேயே இறந்துவிட்டான், வடக்கேயிருந்து வந்த வியாபாரி சொன்னான் என்று மூப்பர்களிடம் சாட்சி சொல்லிவிட்டேன். எந்த வியாபாரியும் வரவில்லை. ஐந்து படி அனுப்பியிருக்கிறேன். நீ வாய் திறக்க வேண்டாம். சாப்பிடு.

மல்கியா

ஆனதோத்து
இரண்டாம் மாதம், 29ஆம் நாள்

அண்ணா,

சாப்பிட்டேன். அத்தனையும் சாப்பிட்டேன். எவ்வளவு ருசி தெரியுமா! கடைசித் துண்டை விழுங்கும்போதுகூட எனக்கு வெட்கம் வரவில்லை.

முதல் அப்பம் தின்ற மறுநாளே அவன் வரவில்லை. கிணற்று வழியில் நின்று நின்று நடந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பார்த்துவிட்டேன். இருபது நாளுக்கு மேலாகிறது. உன்மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன், இருக்கிறது. என்மேல் அதைவிட அதிகம்.

உண்ணக் கூடாதவர் காணிக்கையை உண்டுவிட்டால், உண்டதோடு ஐந்தில் ஒன்று கூட்டித் திருப்பித் தர வேண்டும் அல்லவா? அது அறியாமல் உண்டவர்களுக்கு. நான் அறிந்தேதான் உண்டேன். ஆனாலும் ஆறு படி அனுப்புகிறேன். இத்தனை நாள் பொறுக்கிச் சேர்த்தது, நானே அடித்துப் புடைத்தது. இதை நீ வாங்கிக்கொண்டால் நான் உண்ணக் கூடாதவள், எனக்குப் பிள்ளை இருக்கிறான். வாங்கிக்கொள் அண்ணா.

எருசாள்

எருசலேம்
மூன்றாம் மாதம், 2ஆம் நாள்

எருசாளுக்கு,

ஆறு படியும் வந்து சேர்ந்தது. மூப்பர்களை வரவழைத்து, வியாபாரி கதை பொய் என்று சொன்னேன். களஞ்சியச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இனிமேல் பங்கு வைப்பது வேறொருவர்.

அளந்து கொட்டும் முன் களஞ்சிய எழுத்தர் எழுதுகோலை மசியில் தொட்டுக்கொண்டு கேட்டார்: "யாரு அனுப்பினது? பேரைச் சொல்லுய்யா."

"ஏனானோட அம்மா" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்.

மல்கியா