நான் வெட்டி வைத்துக்கொண்ட துண்டுத் தாள்

இயேசு மரி சூசை துணை

ஸ்டைர் நகரம், கோபுர வீடு
1694 மே 10

அன்பு மகன் வைட்டுக்கு அப்பா எழுதுவது. பாம்பெர்க்கில் நீ நோய் நொடியில்லாமல் இருக்கச் சர்வேசுரனை மன்றாடுகிறோம். இங்கே அம்மாவும் நானும் உடம்பால் சுகம், மனதாலும் சுகம் என்று எழுதினால் அது பொய். மேலே படிக்குமுன் இந்தக் கடிதத்தின் மடிப்பைப் பிரித்துப் பார், விரல் அகலத்தில் ஒரு துண்டுத் தாள் இருக்கும், அதைப் பத்திரமாக எடுத்து வை.

மார்ச் மாதம் துணி வியாபாரியிடம் கொடுத்தனுப்பினேனே, தனி வயலினுக்கு நான் எழுதிய புது உருப்படி, பெந்தகோஸ்தே திருநாள் அன்று ஆயர் முன்னால் அதை வாசித்துத்தான் அரண்மனை வேலை கேட்கப்போவதாக எழுதியிருந்தாய். அதற்குத் தந்திகளை மாற்றிக் கட்ட வேண்டும். அந்தக் குறிப்பு முதல் வரிக்கு மேலே இருந்தது, நான்தான் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். அந்த வியாபாரி நம்மூர் வாத்தியக்காரர் சங்கத் தலைவன் கிலியானுக்கு மைத்துனன். வழியிலேயே படியெடுத்துவிடுவார்கள், குறிப்பு இல்லையென்றால் அந்தப் படி உதவாது. கிலியான் கோபுரக் காவல்காரனான என்னைச் சபையில் நிற்க வைத்து, "யார்கிட்ட கத்துக்கிட்டே, ஒரு பேரு சொல்லு, சேர்த்துக்கறோம். இல்லேன்னா கோபுரத்துல ஏறி எங்க தீப்பிடிக்குதுன்னு பாத்துக்கிட்டிரு" என்று சொன்னதை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. கல்யாண வீடுகளில் வாசிப்பவர்களின் விரல்களைப் பார்த்தே கற்றவன் நான், இல்லாத குருவின் பெயரை எப்படிச் சொல்வேன். அதே கிலியான் என் உருப்படிகளைத் தன்னுடையவை என்று வாசிக்கிறான். அதனால் வெட்டினேன், அதில் தவறில்லை. துண்டை வேறொருவர் கையில் அனுப்ப எண்ணி ஜெபப் புத்தகத்தில் வைத்தேன். பிறகு மறந்துபோனேன். நேற்றுப் பூசையில் அது மடியில் விழுந்தபோதுதான் நினைவு வந்தது.

வீட்டுக்கு வந்து தந்திகளை வழக்கம்போல வைத்துக்கொண்டு, உன்னிடம் இருப்பதை அப்படியே வாசித்துப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து ஓடி வந்த உன் அம்மா, "என்னங்க, பூனை வாலை மிதிச்சிட்டீங்களா?" என்று சிரித்தாள். விஷயத்தைச் சொன்னதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "கிலியானுக்கு ஒளிக்கறேன்னு பெத்த புள்ளைக்கே ஒளிச்சிருக்கீங்களே" என்றாள். கூட ஒரு ஆர்கன் வாசித்தாலாவது பிசகு அதில் மறையும், இது தனி வயலின், எங்கே போய் ஒளிவாய். உன் குணம் எனக்குத் தெரியும். தாளில் பிழை என்று நினைக்க மாட்டாய், உன் விரலில் பிழை என்று இரவு பகலாய்ச் சாதகம் செய்வாய். இல்லையென்றால், அப்பாவுக்கு எழுதத் தெரியாது என்று முதல்முறையாக நினைப்பாய். இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

தடித்த இரண்டு தந்திகளையும் ஒரு முழுச் சுரம் ஏற்றிக் கட்டு, மெல்லிய இரண்டையும் தொடாதே. முந்தின நாள் மாலையே ஏற்றிவிடு, ஆட்டுக் குடல் தந்தி புதுச் சுருதியில் நிற்க நேரம் கேட்கும். விரலை எழுதியிருக்கும் இடத்தில் வை, காதைக் கேட்காதே, ஒலி தானாக வரும்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் வண்டிக்காரனிடம் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். "மழை விட்டா பதினஞ்சு நாள் பெரியவரே. விடலேன்னா என்னைக் கேக்காதீங்க, மேல இருக்கறவரைக் கேளுங்க" என்கிறான். இதை எழுதும்போதும் மழை பெய்கிறது. பெந்தகோஸ்தேக்கு இருபது நாள்தான் இருக்கிறது.

கடிதம் பிந்திவிட்டால், அவர்கள் சிரித்திருந்தால், நீ தலை குனிந்து ஊர் திரும்பாதே. இந்தத் துண்டை எடுத்துக்கொண்டு போய் ஆயர் முன்னால் நின்று, பிழை என்னுடையது அல்ல, என் அப்பா தாளை வெட்டிவிட்டார் என்று என் பெயரைச் சொல்லியே சொல், இன்னொரு முறை வாசிக்கக் கேள். விஷயம் கிலியான் காதுக்கு வரும். வரட்டும்.

தேவமாதா உன் கைகளைக் காப்பாளாக. வாசித்த அன்றே ஒரு வரியாவது எழுது, அம்மா தூங்குவதில்லை.

உன் அப்பா
ஏகிட் லாங்கர்