ஜாஸ் பற்றி நான் பேசிய அரை மணி நேரம்

மார்ச் 4

விடுமுறை நாள். தையற்கடையில் வாசித்தோம். கடைக்காரர் வெட்டு மேசையை ஓரம் தள்ளிவிட்டு சாக்ஸபோனை எடுத்தார். நான் பியானோ, மச்சான் டிரம்ஸ். மச்சான் பள்ளித் தோழன். அவன் தங்கையை நான் கட்டியபின்தான் மச்சான் ஆனான். இருவருக்கும் ஒரே லிஃப்ட் கம்பெனி. அவன் மெக்கானிக். தத்துவம் படித்த எனக்குக் கிடைத்த வேலை, எந்த லிஃப்டுக்கு யார் போவது என்று கட்டம் போடுவது.

இன்று புது மேனேஜர் வந்து உட்கார்ந்து கேட்டார். "எழுதி வச்ச தாளே இல்லாம எப்படி இப்படி ஒத்துப்போகுது? ஆபீஸ்ல இதப் பத்தி நீங்க பேசணும்" என்றார். நான் இளித்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 19

பேசினேன். அரை மணி நேரம். எந்த விதியும் எல்லா நிலைமையையும் முன்கூட்டியே சொல்லிவிடாது. சொல்லில் வராத அறிவு கையில் இருக்கிறது. ஜாஸில் யாரும் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. கம்பெனியும் அப்படி இயங்கலாம். கைதட்டல். இருபது வருடம் கழித்து நான் படித்த படிப்புக்கு ஒரு மரியாதை.

மார்ச் 20

காலையில் கண்ணாடி முன் மறுபடி பேசிப் பார்த்தேன். வெட்கம்தான்.

ஏப்ரல் 2

மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். "நீங்க சொன்னதுதான். ஆளுக்கு ஆள் காவல் எதுக்கு? இனிமே ஒரு லிஃப்டுக்கு ஒருத்தர் போதும். மெக்கானிக்க நம்புவோம்."

ஒருவர் கூண்டின் மேல் ஏறினால் இன்னொருவர் மெயின் சுவிட்ச் பக்கத்திலேயே நிற்பது நெடுநாள் வழக்கம். அதைச் சொன்னேனா? பாதி சொன்னேன். உத்தரவு எழுத்தில் வருமா என்று கேட்டேன். "அட்டவணைய மாத்திடுங்க, போதும்."

மாற்றினேன். எனக்கு ஜன்னல் வைத்த அறை கிடைத்தது.

ஏப்ரல் 8

மச்சான் வாசிக்க வந்தும் டிரம்ஸ் பக்கம் போகவில்லை. "நான் தாளம் விட்டா நீ உடனே திரும்பிப் பாக்குற. அங்க என்னை யாருடா திரும்பிப் பாப்பா?"

"கொஞ்ச நாள் பாரு மச்சான்."

"ம். நீ போட்ட கட்டம். நீ வேற எப்படிப் பேசுவ?" கிளம்பிவிட்டான்.

மே 11

மச்சானின் வலது கை. மூன்று விரல் போயிற்று.

சுவிட்சை அணைத்துவிட்டு மேலே ஏறி, கப்பியைத் துடைத்திருக்கிறான். லிஃப்ட் ஏன் ஓடவில்லை என்று குடியிருப்பவர் ஒருவர் போய் சுவிட்சைப் போட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

அங்கே நிற்க வேண்டிய ஆளின் பெயரை அட்டவணையில் அடித்தது என் பேனா.

மே 13

ஆஸ்பத்திரி வராந்தா. மனைவி என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "ஒத்தையா ஏன் அனுப்புனீங்க?"

"கம்பெனி முடிவு."

"கம்பெனின்னா யாரு?"

எத்தனை வகுப்பு உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். இவ்வளவு நேராக எவரும் என்னைக் கேட்டதில்லை.

மே 22

கம்பெனியின் விசாரணை. தனியாகப் போகச் சொல்லி எழுத்தில் உத்தரவு உண்டா? இல்லை. அப்படியானால் தனியாகப் போனது அவர் முடிவா? "அவர் அனுபவசாலி" என்றேன். அதை 'ஆம்' என்று எழுதிக்கொண்டார்கள். படித்துப் பார்த்தேன். திருத்தவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

என்ன பிறவி நான்?

மே 27

அந்தப் பேச்சின் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். முதலில் எழுதிய தாளில் ஒரு பத்தி இருக்கிறது: ஒருவன் துணிந்து தனியே வாசிப்பது மற்றவர்கள் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான், அவர்கள் எழுந்து போய்விட்டால் அது சுதந்திரம் இல்லை, கைவிடுதல். நேரம் போதாதென்று நானே அடித்திருக்கிறேன். கைதட்டு விழும் இடங்களை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டேன். மேனேஜர் எதையும் திரிக்கவில்லை. நான் கொடுத்ததைத்தான் எடுத்துக்கொண்டார்.

ஜூன் 9

தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். பழைய அட்டவணை, புது அட்டவணை இரண்டையும் கொடுத்தேன். மேனேஜர் சொன்னார், நான் மாற்றினேன், மச்சானுக்கு வேறு வழி இல்லை, முன்பு சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட குமாஸ்தா, "உங்க வேலைக்கு நீங்களே உலை வச்சுக்கிறீங்களே சார்" என்றார்.

ஜூன் 12

வேலை போயிற்று. "அட்டவணையில உங்க கையெழுத்துதானே இருக்கு" என்றார் மேனேஜர். அவர் வேலையில் இருக்கிறார். அவர் சொன்னதும் உண்மைதான்.

ஜூலை 15

மெக்கானிக் மீது தவறில்லை என்று தொழிலாளர் அலுவலகத்தின் முடிவு வந்துவிட்டது. இரண்டு பேர்தான் போக வேண்டும் என்பதும் இப்போது எழுத்தில் வந்திருக்கிறது. தங்கையிடம் சொல்ல மச்சான் வந்தான். சமையலறையில் இருவரும் நெடுநேரம் பேசினார்கள். நான் கூடத்தில் செய்தித்தாளை விரித்துவைத்திருந்தேன்.

போகும்போது என் முன்னால் நின்றான். வலது கை சட்டைப்பைக்குள் இருந்தது. எழுந்தேன். கட்டிக்கொள்வானா, அறைவானா? எதுவானாலும் சரி என்றுதான் நின்றேன்.

"உங்களுக்குத்தான் ரொம்ப சிரமமாப் போச்சு" என்றான். "வரட்டுங்களா?"

முப்பது வருடத்தில் அவன் என்னிடம் இப்படி மரியாதையாகப் பேசியதே இல்லை.

"வாங்க" என்றேன்.