வேலிப் பலகையில் விட்டுப்போன ஒரு சொல்

அனுப்புநர்
ஸம்பேத்தா ஸ்குர்லி,
குப்பைமேட்டுச் சாலை, கடைசி வீடு,
கலமோனெரோ.

பெறுநர்
நகராட்சித் தலைவர் அவர்கள்,
கலமோனெரோ.

பொருள்: அரளி வேலிக்குத் தவறான பெயர்ப் பலகை வைத்தது – அதனால் என் கணவர் லாம்பிஸ் இறந்தது – தற்கொலை என்று எழுதியதைத் திருத்தக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் நாலாம் வகுப்பு. பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே படிக்கவும்.

1. சுற்றுலாப் பேருந்துகளின் கண்ணில் குப்பைமேடு படக்கூடாது என்று எங்கள் வீட்டெதிரே ஆளுயரத்துக்கு அரளி வேலி வளர்த்தீர்கள். குப்பை மறைந்தது. நாற்றம் மறையவில்லை; அது வேறு மனு. அடர்த்தியாக வளர வேண்டுமென்று மொட்டுக்கு முன்பே வெட்டுவதால், ஐந்து வருடத்தில் அதில் ஒரு பூ பார்த்தவரில்லை.

2. அரளியை நாம் கசப்புத் தாஃப்னி என்போம். வெறும் தாஃப்னி என்றால் பருப்புக் கஞ்சியில் போடும் பிரிஞ்சி இலை. தங்கள் பலகையிலோ "தாஃப்னி வேலி". எழுத்தர் மெனிஸைக் கேட்டேன். "பலகையில இடம் பத்தலக்கா, ஒரு வார்த்தைதானே" என்றார்.

3. என் கணவர் முப்பது வருடம் கப்பலின் எஞ்சின் அறையில் கிடந்தவர். இலையில் அவருக்குத் தெரிந்தது முட்டைக்கோஸ் ஒன்றுதான். கண்ணில் புரை வேறு; பலகையின் பெரிய எழுத்து மட்டும் தெரிந்திருக்கிறது. மார்ச் 4 அன்று நான் தங்கை வீட்டில் இருந்தபோது, சமைக்கத் தெரியாதவர் என்று கேலி செய்யும் என் வாயை அடைக்கவென்று, வேலியில் இலை பறித்துப் போட்டுப் பருப்புக் கஞ்சி வைத்திருக்கிறார். மதியம் தொலைபேசியில், "கிழவி, நீ வைக்கிறதவிட நல்லா வந்திருக்கு. பாதி உனக்கு மூடி வச்சிருக்கேன், பஸ்ஸ விட்டுடாதே" என்றார். விட்டுவிட்டேன். அடுத்த பஸ்ஸில் வந்தபோது அடுப்படியில் விழுந்து கிடந்தார்.

4. "அது அரளி என்பது ஊரறிந்தது, தெரிந்தே தின்றார்" என்று தங்கள் அலுவலகம் காவல்நிலையத்துக்கு எழுதிக்கொடுத்தது. ஆகவே, தற்கொலை செய்தவருக்குப் பாதிரியார் கலினிகோஸ் செபம் சொல்லவோ மணியடிக்கவோ மாட்டாராம். "எனக்கு மட்டும் மனசில்லையாம்மா? காகிதம் மாறட்டும்" என்கிறார். பதினோரு நாளாக லாம்பிஸ் மருத்துவமனைக் குளிர்ப்பெட்டியில் இருக்கிறார். கோடையிலேயே கம்பளிக் காலுறை போடுகிற ஆள், ஐயா.

5. தெரிந்தே தின்றார் என்றால், எனக்கும் தெரிந்தே பாதி வைத்தார் என்றாகிறது. நான் செய்த கேலிக்கு அவர் அப்படி நினைத்திருந்தாலும் நியாயம்தான். ஆனால் மூடிய கிண்ணத்தின் பக்கத்தில், எனக்குப் பிடிக்குமே என்று ரொட்டியின் கருகின முனையை வெட்டி வைத்திருந்தார்.

சனிக்கிழமை அவரைக் கல்லறைச் சுவருக்கு வெளியே புதைக்கப் போகிறார்கள். அதற்குள், "பலகையை நம்பி ஏமாந்தார்" என்று ஒரு வரி எழுதித் தங்கள் முத்திரையுடன் பாதிரியாருக்கு அனுப்புமாறு பணிந்து கேட்கிறேன். எனக்குப் பதில் கடிதம் வேண்டாம். மணி அடித்தால் தெரிந்துகொள்வேன்.

இடம்: கலமோனெரோ
நாள்: மார்ச் 15

இப்படிக்கு,
ஸம்பேத்தா ஸ்குர்லி