செருப்பு அணிந்த அளவுக்கம்பு

அக்சிம், கானா

அன்புள்ள மகன் மியேசாவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் கடற்காற்றும் சுகம். டொராண்டோ குளிரில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். நம் தெருப் பெரியவர்கள் நாள் முழுக்கக் கூடி ஏகமனதாக ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள்: யானைக்கால் மாத்திரைக்காக உன் பெரியப்பா ஆக்காவின் உயரத்தை அளக்கும்போது, அவர் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. நாட்டுக்குச் சுதந்திரம் வந்தபோதுகூட நம் தெருவில் இவ்வளவு விவாதம் நடக்கவில்லை.

உனக்கு விஷயம் பாதிதான் தெரியும். ஆண்டுதோறும் சுகாதார நிலையம் தரும் மாத்திரையை உன் அம்மாதான் வீடு வீடாகக் கொண்டுபோகிறாள். ஆளை வெறுங்காலோடு உயரம் அளக்கும் கம்பின் அருகே நிறுத்தி, தலை எந்த நிறக் கோட்டைத் தொடுகிறதோ அதற்கேற்ப இரண்டோ மூன்றோ கொடுத்து, கண்ணெதிரே விழுங்க வைப்பாள். பெரியப்பா மட்டும் வருடத்துக்கு ஒரு காரணம் சொன்னார்: தலைவலி, வலை பின்னும் வேலை, ஒரு வருடம் வெள்ளைக்காரன் சதி. தெருத் தலைவரான அவரே விழுங்காததால் தெருவும் விழுங்கவில்லை. அப்பாவை முந்தக்கூடாது என்று அவர் மகள் நியமேக்கேயும் விழுங்கவில்லை. போன மாதம் அவளுடைய வலது கணுக்கால் வீங்கியது. பத்தொன்பது வயதுதான். ஊர் உடனே காரணம் கண்டுபிடித்தது: யாரோ வாசலில் புதைத்ததை மிதித்துவிட்டாளாம். போதகர் எண்ணெய் தடவினார். மருந்துக்கடைக்காரர் ஊசி போட்டார். காசு குறைந்தது, வீக்கம் குறையவில்லை. டாக்டர் சோதித்துவிட்டு இது யானைக்கால்தான், இப்போதே மாத்திரை எடுத்தால் மேலே ஏறாமல் தடுக்கலாம் என்றார். அவளோ மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. "ராஜா முன்னாலதான் செருப்பக் கழட்டுவேன் அஃபிபா. இந்தக் கம்பு எந்த ஊரு ராஜா?" என்று உன் அம்மாவைக் கேட்டார். தெரு பார்க்க வெறுங்காலோடு நின்றால், அடுத்த தலைவர் யார் என்று மறுநாளே பேச்சு கிளம்பும் என்பது அவர் பயம். உன் அம்மா, "நீங்க கழட்ட வேணாம் பெரியவரே, கம்புக்கும் ஒண்ணு மாட்டிடறேன், அளவும் தப்பாது, சரிசமமா நில்லுங்க," என்று சொல்லி, என் செருப்பில் ஒன்றைக் கம்பின் அடியில் ஆணி அடித்து மாட்டினாள். என்னைக் கேட்கவில்லை.

இதைத்தான் பெரியவர்கள் கூடி ஆராய்ந்தார்கள். கம்பு தலைவருக்குச் சமமா என்று ஒருவர் ஆட்சேபித்தார். ஒற்றைச் செருப்புதானே, பாதித் தலைவர் என்று வைத்துக்கொள்ளலாம் என்று முடிந்தது. ஞாயிறன்று பெரியப்பா விழாத் துணியைப் போர்த்திக்கொண்டு வந்து கம்போடு நின்றார். மூன்று மாத்திரை. விழுங்கிவிட்டு மகளிடம், "என்ன பாக்குற, முழுங்கு," என்றார். விழுங்கினாள். தினமும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, உயர்த்தி வைத்துத் தூங்குகிறாள். வீக்கம் கூடவில்லை. எனக்கு நிம்மதியாகச் சாப்பாடு இறங்குகிறது.

குளிர்காலத் தடுப்பூசிக்கு நேரமில்லை என்றாயாம். அது நிஜக் காரணமா, இல்லை அதுவும் ஒரு செருப்பா என்று அம்மா கேட்கச் சொன்னாள். போட்டுக்கொண்டு அவளுக்குத் தகவல் சொல். நியமேக்கேயிடமும் பேசு, காலைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்காதே. நீ நீண்ட ஆயுளோடும் நல்ல புத்தியோடும் இரு.

உன் அப்பா,
பிளே எர்சுவா

பி.கு.: இந்த வருடம் நம் தெருவில் மாத்திரை விழுங்காதவர் யாருமில்லை. எல்லோரும் செருப்போடுதான் நின்றார்கள். இல்லாதவர்கள் இரவல் வாங்கி வந்தார்கள்.