அழிக்க மறந்த ஐம்பது ஓட்டு

அன்பு மச்சான் குமாரவேலுக்கு,

உன் காரியம் முடிந்து இருபது நாளாகிறது. நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு போன் போதுமானதாக இருந்தது. இதைப் பத்திரிகையில் எழுதக் காரணம், பத்திரிகையில்தான் உனக்கு ஒரு குறை வைத்தேன்.

காரியத்தன்று காடாம்புலியூரிலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. "அண்ணன் ஏஜென்டா உக்காந்த பூத்துல ஆபீசரா இருந்தாங்களே, அவுங்க" என்றாள் உன் தங்கச்சி. சட்டென்று அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது.

வாக்குப்பதிவு முடிந்து இயந்திரத்தில் மொத்தத்தைப் பார்த்தபோது, ஓட்டுப் போட்டவர்களின் பதிவேட்டில் இருந்ததைவிட ஐம்பது ஓட்டு கூடுதலாகக் காட்டியது. உள்ளே அதைப் பேசியதை ஜன்னலோரம் நின்ற யாரோ கேட்டுவிட்டார். பத்து நிமிடத்தில் பள்ளிக்கூட கேட்டில் கூட்டம். எல்லாரும் உன் கட்சிக்காரர்கள்.

"அம்பது கள்ள ஓட்டு! பொட்டியை வெளிய வுடாதே!"

"அந்த டீச்சரம்மாவை வெளிய வரச் சொல்லு!"

கேட்டில் இருந்தது இரண்டு போலீஸ்காரர்கள். உள்ளே அந்த டீச்சர் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி எண்ணிக்கொண்டிருந்தார். சிலர் கையில் கல் இருந்ததை நான் பார்த்தேன்.

நிருபராக வந்திருந்த நான் என்ன செய்தேன்? செய்தியை போனில் அடித்து முடித்திருந்தேன். 'கூடுதலாக ஐம்பது வாக்குகள். முறைகேடு என புகார்.' அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

நீ வெளியே வந்தாய். "மாப்ள, அனுப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அனுப்பாத. காலைல சோதனைக்கு அம்பது ஓட்டு போட்டுப் பாத்தோம்ல? அதைப் பொட்டியிலேர்ந்து அழிக்க அவுங்களும் மறந்துட்டாங்க, நாங்களும் பாக்கல. அப்ப பொட்டி அச்சடிச்ச அம்பது சீட்டையும் கறுப்புக் கவர்ல போட்டு சீல் வெச்சிருக்கு. கவர் மேல என் கையெழுத்து இருக்கு."

அதையே கேட்டில் போய்ச் சொன்னாய். "யோவ், நீ யாரு பக்கம்யா?" என்று ஒருவன் கத்தினான்.

"நம்ம கொடியைக் கட்டிக் கட்டித்தான்டா என் கை காப்பு காச்சிருக்கு. அந்த அம்பதுல பாதி நான் அமுக்கினது. எல்லாம் நம்ம சின்னத்துலதான். கள்ள ஓட்டுன்னா மொதல்ல என்னைப் புடிச்சுக் குடு!"

பின்னாலிருந்து ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் கூட்டத்தின் சூடு கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் உடனே கலையவில்லை. மேலதிகாரி வரும்வரை கேட்டை விட்டு நீ நகரவில்லை. பிறகு, "டீச்சர், என் பின்னாடியே வாங்க" என்று வேன் வரை முன்னால் நடந்தாய்.

எண்ணிக்கையன்று வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்ததால் அந்த பூத்தின் சீட்டுகளைக் கையால் எண்ணினார்கள். பதிவேட்டோடு ஒன்றுகூடப் பிசகவில்லை. உன் வேட்பாளர் தோற்றார். அதன்பின் பல மாதம் உன் கட்சிக்காரர்கள் உன்னை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை. வருத்தம் இல்லையா என்றதற்கு, "தோத்ததுல வருத்தம் ஜாஸ்திதான் மாப்ள" என்று மட்டும் சொன்னாய். அவர்கள் உன்னை ஒதுக்கியது எவ்வளவு வலித்தது என்று ஏன் சொல்லவில்லை?

மறுநாள் நான் எழுதியது ஒரே வரி: 'முகவர்களின் ஒத்துழைப்பால் பதற்றம் தணிந்தது.' ஒரு கல் விழுந்திருந்தால் அரைப்பக்கம் கேட்டிருப்பேன்.

தோற்றவர்கள் இயந்திரத்தைத் திட்டும் செய்தி இப்போது அடிக்கடி வருகிறது. சந்தேகம் கேட்பதில் தப்பில்லை, நீயும் கேட்பாய். ஆனால் பதில் இருக்கிற இடத்தில் போய்க் கேட்பாய்.

டீச்சர் சொன்னதையும் கேள். "தேர்தல் வேலையே வேணாம்னு எழுதிக் குடுக்க இருந்தேன் சார். உங்க மச்சான் போன் பண்ணி, தப்பு பண்ணவங்களுக்குத்தான் அடுத்த தடவை ஞாபகம் இருக்கும், போங்கன்னார். இப்ப சோதனை ஓட்டை அழிச்சதும் எல்லா ஏஜென்டுங்களையும் நிக்கவெச்சு 'சைபர்'னு சத்தமா சொல்ல வெக்கிறேன். சின்னப் பசங்க மாதிரி சிரிச்சிக்கிட்டே சொல்றாங்க." அழுதுகொண்டே சிரித்தார்.

அந்த போனைப் பற்றி என்னிடம் நீ மூச்சு விடவில்லை. நன்றி மச்சான், அவருக்காகவும், நான் அனுப்பாமல் விட்ட அந்தச் செய்திக்காகவும். இனி ஒரு கூட்டம் அடிதடியில்லாமல் கலைந்தால், கலைத்தது யாரென்று விசாரித்துப் பெயர் போட்டு எழுதுவேன். முதல் பெயரை இன்று எழுதிவிட்டேன்.

உன் தங்கச்சி வீட்டுக்காரன்,
கடலூர்