பழித்துக் காட்டிய நடை

படகை அவிழ்க்க வேண்டாம், கொற்றங்காரியாரே! இந்த ஓலையைப் படித்து முடிக்கும்வரையாவது துடுப்பை நிறுத்தச் சொல்லுங்கள்.

வாழ்த்தை முதலில் எழுதியிருக்க வேண்டும். அவசரத்தில் மறந்தேன். செம்பாறை வேந்தரின் குடைநிழல் என்றும் குளிர்க. அவருடைய தூதராகிய தங்கள் வழி நலமாகுக. முடிசூடி மூன்று திங்களே ஆன, பதினைந்து வயது நிரம்பிய கூவிள நாட்டு அரசி நீலியங்கோதை தன் கையாலேயே எழுதும் ஓலை இது.

சிறைப்பட்ட எங்கள் வீரர் நாற்பதின்மரை விடுவிக்க இசைந்து, முத்திரையிட மேடையை நோக்கி இன்று காலை நடந்தீர்கள். என் சிற்றப்பன் மகள் சேந்தி, "அக்கா, நண்டு மாதிரி நடக்குறாரு பாரு" என்று காதருகே சொன்னாள். சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து, தங்களைப் போலவே இடக்காலை இழுத்து நான்கு அடி வைத்தேன். அவளுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் அவையில் ஒரு வழக்கம் உண்டு. அரசர் எழுந்தால் அனைவரும் எழவேண்டும். அவர் எப்படி நடக்கிறாரோ அப்படியே பின்னால் நடக்கவேண்டும். இருநூறு பேர் காலை இழுத்தார்கள். தாங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். முத்திரையை மடியில் முடிந்துகொண்டு வெளியேறினீர்கள். என் தந்தையின் யானை மிதித்த கால் அது என்று பிறகுதான் கேட்டறிந்தேன்.

எங்கள் ஓலைநாயகம் பொன்னனார், தூதரைப் போற்றி அரசி அவர் நடையைப் பின்பற்றினார் என்று அவைக்குறிப்பில் எழுதி வைத்திருந்தார். "இப்படியே இருக்கட்டும் தேவி, யாரு கேக்கப்போறா?" என்றார். எழுத்தாணியை வாங்கி அதை நானே கீறி அழித்தேன். பின்பற்றுகிறவர் இன்னொருவரைப் போல் ஆக விரும்புகிறார். நானோ தங்களைப் போல் இல்லை என்று மகிழ்ந்து நடந்தேன். அதற்குப் பழித்துக் காட்டுதல் என்று பெயர். அப்படியே எழுதும்படி ஆணையிட்டேன்.

வெயில் சாய்வதற்குள் துறைக்கு வந்து தங்கள் முன் மண்டியிடுவேன். இது என் சொல். ஓலையில் பொறித்த எங்கள் ஆமை இலச்சினை இதற்குச் சான்று.

ஆனால் அரசி தனியே கோட்டை தாண்டக் கூடாதாம். அவை முழுவதும் உடன் வரும். நான் மண்டியிட்டால் இருநூறு பேரும் மண்டியிடுவார்கள். நான் அழுதால் அவர்களும் அழுவார்கள். அத்தனை அழுகைக்கு நடுவே என்னுடையது மட்டும் உண்மை என்று தங்களுக்கு எப்படித் தெரியும்?